மனோங் பான்யோங் எழுதிய ஈமெயில்

என் பெரியம்மா மகன் எபிஃபானியோ கார்கனேராவை ஊரில் எல்லாரும் மனோங் பான்யோங் என்றுதான் கூப்பிடுவார்கள். மனோங் என்றால் அண்ணன். எங்கள் இலோய்லோ பக்கத்தில் வயதில் மூத்தவன் கோழி திருடினாலும் மனோங்தான். அதனால் அந்தச் சொல்லில் யாரும் மரியாதையைத் தேட வேண்டாம்.

நகராட்சி அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை அவருடையது. நான் பிறப்பு இறப்பு பதிகிறவள். அவர் கடிதங்கள் எழுதுகிறவர். மேயருக்கு வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, திருவிழா அழைப்பு, பாராட்டுப் பத்திரம், இரங்கல் செய்தி எல்லாம் அவர் கையால்தான் போகும். அவருக்கு ஆங்கிலம் தெரியும். பிலிப்பைன்ஸில் யாருக்குத்தான் தெரியாது? ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், கருவாடு விற்கிறவளுக்கும் தெரியும். எங்களுக்கு அது செருப்பு மாதிரி. வெளியே போகும்போது மாட்டிக்கொள்வோம், வீட்டுக்கு வந்ததும் வாசலில் விடுவோம். மனோங் பான்யோங்குக்கு அது கிரீடம். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

மற்றவர் பேச்சைத் திருத்துவதில் அவருக்கு இருந்த சுகம் சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. பாதிரியார் பூசை முடித்து அறிவிப்பு வாசித்தால், கோயில் வாசலிலேயே நிறுத்தி, "ஃபாதர், அந்த மூணாவது வாக்கியத்துல ஒருமை பன்மை இடிக்குது" என்பார். கல்யாண வீட்டில் அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் மாப்பிள்ளை பெயரைப் பார்க்க மாட்டார், காற்புள்ளி எங்கே என்று பார்ப்பார். நான் ஒருமுறை விடுப்பு விண்ணப்பம் எழுதி மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அதில் சிவப்பு மை.

மீன்பிடிக்கப் போன ஒருவர் வடகிழக்குக் காற்றில் படகோடு போய்விட்டார். அவர் மனைவி தெரிங்குக்கு நகராட்சியின் இரங்கல் கடிதத்தை மனோங் எழுதினார். 'நித்தியத்தின் கரைகளை நோக்கித் தம் இல்லத்தைத் துறந்து பெயர்ந்த தங்கள் நாதரின் புலம்பெயர்வை முன்னிட்டு இந்நகராட்சி தன் ஆழ்ந்த கடப்பாட்டினை' என்று தொடங்கிப் பக்கம் முழுக்க ஓடியது கடிதம். தெரிங் அதைப் படித்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, அவளும் படித்து, இரண்டு பேரும் சேர்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கடற்கரைக் குடிசையைக் காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நான் இறப்புச் சான்றிதழ் கொண்டுபோனபோது அவள் சட்டி பானைகளைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்த பெண், பாவம், வீட்டையும் இழந்ததாக எண்ணி அழுதுகொண்டிருந்தாள். நான் வந்து மனோங்கிடம் சொன்னேன். அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தது என் மடத்தனம்.

"வாசிப்புப் பழக்கம் இல்லாத ஜனங்க, நெல்டா. நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மாரிவெல். அவள் கனடாவில், வின்னிபெக் நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். தற்காலிக அனுமதியில் போனவள். அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வேண்டுமானால் புள்ளிகள் சேர வேண்டும். அவள் வயதுக்கு, படிப்புக்கு, வேலைக்கு எல்லாம் கொடுத்தும் கொஞ்சம் குறைந்தது. கணவன் ஆங்கிலத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினால் அந்தக் குறை தீரும் என்றார்கள். மாரிவெல் சந்தோஷப்பட்டாள். வேறு எந்தப் பெண்ணுக்குக் கவலை இருந்தாலும் தனக்கு இதில் கவலை இல்லை என்று என்னிடமே போனில் சொன்னாள். நான் உம் கொட்டினேன்.

நகரத்தில் இந்தத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்புகள் மாடிக்கு மாடி இருக்கின்றன. ஈமெயில் எழுதுவது எப்படி என்று அங்கே பக்கம் பக்கமாக அச்சடித்துத் தருகிறார்கள். செவிலியர்களும் தச்சர்களும் போய் உட்கார்ந்து கற்கிறார்கள். மனோங்கைப் போகச் சொன்னேன்.

"ஈமெயில் எழுத வகுப்பா? மூச்சு விடவும் வகுப்பு வச்சிருக்காங்களா?" என்று அலுவலகமே கேட்கும்படி சிரித்தார். "நான் மேயருக்கே வார்த்தை குடுக்கறவன் நெல்டா."

தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம் சந்தைக்குப் பக்கத்துப் பாச்சோய்க் கடையில் எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தோம். கிண்ணத்தில் நூடுல்ஸ் சூப்பு ஆவி பறந்தது. ட்ரைசிக்கிள் ஓட்டும் பாதோங் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து பன்றி ஈரலைத் தேடித் தேடித் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன மனோங் கேட்டாங்க?" என்றான்.

"கேள்வியா அது? கேவலம்! நாம ஒரு அடுக்குமாடில குடியிருக்கோமாம். துணி துவைக்கிற மெஷின் இருக்கிற ரூம ஞாயித்துக்கிழமை பூட்டி வச்சிடறாங்களாம். மேனேஜருக்கு ஈமெயில் எழுதணுமாம். என்ன பிரச்சனை, நமக்கு என்ன கஷ்டம், அவர் என்ன பண்ணணும். அவ்வளவுதான்."

"எழுதிட்டீங்கல்ல?"

"எழுதினேனாவா? கேளு." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "'மாட்சிமை பொருந்திய மேலாளர் பெருந்தகையீர்! மானுட நாகரிகத்தின் வைகறைப் பொழுதிலே, நதி தீரங்களில் தம் ஆடைகளை வெளுத்த ஆதி மாந்தர் தொட்டு…'"

"ஆத்துக்குப் போயிட்டாரு," என்றான் பாதோங்.

"குறுக்க பேசாத. 'ரோமாபுரியின் எழில்மிகு ஸ்நான மண்டபங்கள் ஈறாக, தூய்மையெனும் தேவதையைத் தொழாத சமுதாயம் யாண்டும் உண்டோ?'"

"இப்ப ரோமுக்குப் போயிட்டாரு. அழுக்குத் துணி இன்னும் வீட்லயே கெடக்குது."

கடைக்காரம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"ஞாயித்துக்கிழமை எப்ப மனோங் வருது?" என்று நான் கேட்டேன்.

அவர் கரண்டியை எடுத்து சூப்பைக் கலக்கினார். "அதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு. கம்ப்யூட்டர் தானா மூடிக்கிச்சு. அதனால என்ன? ஒரு வாக்கியத்தப் பார்த்தாலே எழுதினவன் தரம் தெரிஞ்சிடுமே."

"மேனேஜரு பாவம்," என்றான் பாதோங். "எதுக்கு ஈமெயில் வந்துச்சுன்னே புரியாம ரூம இன்னும் பூட்டித்தான் வச்சிருப்பான்."

முடிவு வந்தது. கேட்டு எழுதுவதில், படித்துச் சொல்வதில், பேசுவதில் எல்லாம் நல்ல மதிப்பெண். எழுத்தில் மட்டும் அடிமட்டம். மற்ற யாராவது என்றால் ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுநாள் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள். இவர் தேர்வு நடத்துகிறவர்களுக்கே கண்டனக் கடிதம் எழுதினார். தம் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஈமெயில் அது என்று இன்றும் சொல்வார். சீசரையும் நீதிதேவதையையும் இழுத்து, ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவதில் போய் முடித்திருந்தார். பதில் வந்தது: 'தங்கள் ஈமெயிலுக்கு நன்றி. மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.' மனோங் அதை அச்செடுத்துத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வந்து போகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "பாரு, கனடாலேர்ந்து எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க." இரண்டாவது வரியின்மேல் பேப்பர் வெயிட்டை வைத்திருந்தார்.

அந்தத் தேர்வையும் நான் பெரிதாக மதித்தவள் இல்லை. துவைக்கும் அறை பூட்டியிருந்தால் எங்கள் ஊரில் சாவி வைத்திருக்கிறவன் வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்போம். ஒரே கட்டடத்தில் குடியிருந்துகொண்டு ஈமெயில் எழுதுகிற தேசம் என்ன தேசமோ. ஆனால் அந்த தேசத்தில்தான் மாரிவெல் வேலை செய்தாள். அந்தச் சுற்று விண்ணப்பத்தில் அவளுக்குப் புள்ளி எட்டவில்லை. அனுமதிக் காலமோ தேய்ந்துகொண்டே வந்தது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

வந்த மறுநாள் மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் சேர்த்து மாரிவெல் குழம்பு வைத்திருந்தாள். இலோய்லோக்காரர்கள் கோபத்தில் பேசினாலும் தாலாட்டுப் பாடுவது போலிருக்கும் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கு மாரிவெல் பேசியதைத் தெருவில் போகிறவன் கேட்டிருந்தால் புருஷனைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்திருப்பான்.

"நெல்டா, இந்தா என் போன். இவரு எனக்கு அனுப்பின ஈமெயிலப் படி. சத்தமா படி."

நான் படித்தேன். 'சண்டமாருதன் தன் அகந்தையின் கரங்களால் நம் அன்னபூரணியின் ஆலயத்தை நிர்வாணமாக்கிய அந்நாளில், விண்மீன்கள் நம் அடுப்பை எட்டிப் பார்த்தன.'

"இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு."

"புயல்ல சமையக்கட்டுக் கூரை பறந்தது," என்றேன். கூரை பறந்த நாள் எனக்கு நினைவிருந்ததால் தெரிந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க உக்காந்துக்கிட்டு இவரு கோயிலுக்குப் போயிட்டு வந்தாருன்னு நெனச்சுட்டேன். நல்லதுன்னு பதில் எழுதினேன்! கூரைக்குத் தகரம் வாங்கக் காசு அனுப்பறதுக்குப் பதிலா, ரொம்ப சந்தோஷம்னு எழுதினேன். அடுத்தத படி."

'தேகம் என்னும் பாண்டத்தினின்று ஓர் அற்பக் கல்லினை வைத்தியர்கள் களைந்தனர்.'

"பித்தப்பைல ஆபரேஷன். இவரு ஆஸ்பத்திரில கெடந்தாரு. ஃபேஸ்புக்குல உன் தங்கச்சி போட்ட படத்தப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்துப் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அழுது முடிச்சிட்டுத் திரும்பப் போய் ஒரு கிழவருக்குக் கால் கழுவி விட்டேன்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. புருஷன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "பான்யோங், உன் இங்கிலீஷால யாருக்காவது எதாவது புரிஞ்சிருக்கா, இத்தன வருஷத்துல?"

மனோங் பான்யோங் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அவருக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

மறுநாள் மாரிவெல் அவரை என் வீட்டுக்கு இழுத்து வந்தாள். அவர்கள் வீட்டில் நெட் வேலை செய்யவில்லை. என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். "எனக்கு ஒரு ஈமெயில் எழுது. நான் பக்கத்துலதான் இருக்கேன், ஆனா வின்னிபெக்ல இருக்கேன்னு வச்சுக்கோ. உனக்கு என்ன வேணும்னு எழுது." சொல்லிவிட்டு என்னோடு தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தாள்.

மனோங் விரல்களை முறித்துக்கொண்டு தட்டினார். கொஞ்ச நேரத்தில் பெருமையோடு திரும்பினார். மாரிவெல் எட்டிப் பார்த்தாள். 'என் இதய சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தினியே' என்று இருந்தது.

"இது யாருக்கு? ஸ்பெயின் ராணிக்கா? நான் கிழவங்களுக்குப் பேண்டதத் துடைச்சு விடறவ. எனக்கு எழுது."

அழித்தார். மறுபடி எழுதினார். இந்தத் தடவை வின்னிபெக் நகரத்தின் க்ஷேமத்தையும் அங்குள்ள பனியின் வெண்மையையும் விசாரித்திருந்தார்.

"பனி சௌக்கியமாத்தான் இருக்கு. உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப எதுக்கு ஈமெயில்?"

அன்று முழுக்க இதே கூத்து. மறுநாளும் வந்தார்கள். எழுதுவதும் அழிப்பதும். தேவதைகளை ஒவ்வொருத்தியாக வெளியேற்றினாள் மாரிவெல். வைகறை போனது, சாம்ராஜ்யம் போனது, ரோமாபுரி போனது. அதெல்லாம் போன பிறகு மனோங்கிடம் எழுத ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதுதான் வேடிக்கை. வெற்றுத் திரையை வெறித்துக்கொண்டு வியர்த்தார். ஊரையே சிவப்பு மையால் திருத்திய மனிதர், 'எனக்கு' என்ற சொல்லுக்குப் பிறகு என்ன போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாதோங்கக் கூப்பிடட்டுமா? அவன் நல்லா எழுதுவான்," என்றாள் மாரிவெல்.

அதில்தான் அவருக்குச் சுரீரென்றது. முகம் சிவக்க, இரண்டு விரல்களால் படபடவென்று அடித்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பின்பக்கம் போய், என் பன்றிக் கொட்டிலருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் போய்த் திரையைப் பார்த்தோம்.

'மாரிவெல், நான் கனடாவுக்கு வர விரும்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே என்னை எல்லாருக்கும் தெரியும். அங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். நான் அங்கே யார்? ஆனால் நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. நீ என்ன சொல்கிறாய்?'

மாரிவெல் அதை மெதுவாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள். முதலில் கண் கலங்கியது. பிறகு, நான் எதிர்பார்க்கவேயில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்னு யாரு சொன்னா இந்த ஆளுக்கு?"

ஜன்னல் வழியாகக் கொட்டில் பக்கம் குரல் கொடுத்தாள். "பான்யோங்! படிச்சிட்டேன். புரிஞ்சுது. நீ வர்ற, அவ்வளவுதான். கைகழுவிட்டு சாப்பிட வா."

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அவர் பயப்பட்டது நியாயம். கிரீடத்தைத் தவிர வேறு உடுப்பு இல்லாதவன், எல்லாரும் கிரீடம் போட்டிருக்கிற ஊருக்குப் போகத் தயங்கத்தான் செய்வான். ஆனால் ஒருத்தி மூத்திரத் துணி அலசிக் காசு அனுப்பிக்கொண்டிருக்கும்போது, இவர் தம் பெருமை கெட்டுவிடக் கூடாதென்று நதி தீரத்தில் உலாவிக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே கோட்டைவிட்டாரா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். நம்புகிறேன். வேண்டுமென்று செய்யும் அளவுக்கு அவருக்குத் தம்மைப் பற்றித் தெரியாது.

மாரிவெல் திரும்பிப் போனதும் அவர் மறுபடி தேர்வு எழுதினார். இந்தமுறை பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைக்கிறது, அந்த வீட்டுக்காரருக்கு ஈமெயில் எழுது என்று வந்ததாம். திரும்பி வந்தவர் பாச்சோய்க் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. அலுவலகத்தில் வந்து மேசையில் கவிழ்ந்து உட்கார்ந்தார்.

"என்ன மனோங் எழுதினீங்க?"

"வெக்கக்கேடு நெல்டா. உங்க நாய் ராத்திரி குரைக்குது, என்னால தூங்க முடியல, காலைல வேலைக்குப் போகணும், நாய உள்ள கட்ட முடியுமான்னு எழுதினேன். இத்தன வார்த்தை இருக்கணும்னு கணக்கு வச்சிருக்காங்க, அதுக்காக அதையே அங்க இங்க நீட்டினேன். நன்றின்னு முடிச்சிட்டேன். மூணாங்கிளாஸ் பையன் எழுதற மாதிரி."

எழுத்தில் அவருக்கு மிக உயர்ந்த மதிப்பெண் வந்தது. அவ்வளவு அவமானப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. தோற்றபோது நிமிர்ந்து நடந்தவர், ஜெயித்தபோது கூனிப்போனார். "நாயப் பத்தி எழுதினதுக்கு இவ்வளவா? அப்ப அவங்களுக்கு இலக்கியமே தெரியாதா?" என்று அலுவலகச் சுவரைப் பார்த்துக் கேட்டார். தேர்வுக்காரர்களுக்கு இன்னொரு கண்டனக் கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தார். மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி! நான் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

மாரிவெல்லுக்குப் புள்ளி எட்டியது. காகிதங்கள் நகர்ந்தன. மழைக்காலம் முடியும் சமயம் மனோங் பான்யோங் கிளம்பினார். வழியனுப்பு விழாவில் மேயர் பேசினார். அந்த உரையையும் மனோங்தான் எழுதிக் கொடுத்திருந்தார். தம்மைப் பற்றித் தாமே எழுதிய அந்தப் புகழுரையை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டு, சரியான இடத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஜனங்களும் கை தட்டினார்கள். அவர் கனடாவுக்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று கடைக்காரம்மா என் காதில் சொன்னாள். எங்கள் ஜனங்களை என்ன சொல்ல! புரியாமல் பேசினால்தான் படித்தவன் என்று இவர்கள் நம்பாமல் இருந்திருந்தால், அந்த மனிதரும் இந்த அளவுக்குக் கெட்டிருக்க மாட்டார்.

அங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மூட்டை இறக்குகிற வேலை கிடைத்தது. ஊரில் பேனா மட்டுமே தூக்கியவர். முதுகு ஒடிந்து நாலே நாளில் ஓடி வந்துவிடுவார் என்று பாதோங் பந்தயம் கட்டினான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரவில்லை. போன மாதம் மாரிவெல் வீடியோவில் கூப்பிட்டாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சொர்க்கத்துல இருக்காரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள். "கூட வேலை செய்யறவங்க ஒருத்தர் உக்ரைன், ஒருத்தர் எத்தியோப்பியா, இன்னொருத்தி எங்கேயோ மலை நாடு. ஒருத்தருக்கும் இங்கிலீஷ் சரியா வராது. இவரு மூட்டைய எறக்கி வச்சிட்டு எல்லாரையும் திருத்திக்கிட்டு இருக்காரு. அவங்களும் பேனாவ எடுத்து எழுதிக்கறாங்க, நெல்டா! ஆகாரம்னு சொல்லாம போஜனம்னு சொல்லணுமாம் ரொட்டிய. சூப்பர்வைசர் மூணு தடவ எச்சரிச்சாச்சு."

பின்னால் சமையலறையிலிருந்து மனோங்கின் குரல் கேட்டது. யாருக்கோ போனில், மிக மெதுவாக, மிக உரக்க, ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக உச்சரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.